எட்டு சி வகுப்பின் ஜல்லி

மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை முதல், போர்ட் ஹார்னெட் உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு சி பிரிவில் யார் காதிலும் ஏறாத சொற்கள் ஜல்லியாகத் தரையில் விழத் தொடங்கின. முதல் நாள் இரண்டு வாளி. புதன்கிழமை மூன்றரை வாளி. வியாழக்கிழமை மழை பெய்ததால் பிள்ளைகள் மதிய இடைவேளையிலும் உள்ளேயே அடைந்து கிடந்தார்கள்; அன்று ஆறு வாளி. துப்புரவு வேலை பார்க்கும் அஸ்ஸுண்டா கபூட்டோ, பிள்ளைகள் ரயில் பாதையோரமாக நடந்து வந்து காலணியில் கல்லை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்திலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் காலணியைத் தட்டி அனுப்புமாறு கடிதம் போயிற்று. அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் நான்கு பேர்.

அந்த வகுப்பின் ஆசிரியை க்வெண்டா நோவாக் வெள்ளிக்கிழமை முதல் பாடவேளையில்தான் அதைக் கண்ணால் பார்த்தார். உள்ளே வந்து, பையை மேசையில் வைத்து, "உட்காருங்க" என்றார். யாரும் உட்காரவில்லை. அவர் வாய்க்கு ஒரு சாண் முன்னால், காற்றிலிருந்து, பட்டாணி அளவு சாம்பல் நிறக் கல் ஒன்று தோன்றி லினோலியத் தரையில் டக்கென்று விழுந்து உருண்டது. மறுபடி "உட்காருங்க" என்றார். இன்னொன்று. மூன்றாவது முறை கொஞ்சம் உரக்கச் சொன்னார். அது கொஞ்சம் பெரிதாக விழுந்தது. இருபத்தாறு பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. க்வெண்டா அந்த மூன்று கற்களையும் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வெள்ளைப் பலகையில் தேதியை எழுதினார். அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. இருபத்தொன்பது ஆண்டுகளாக ஆசிரியை. படித்தது புவியியல். கணக்கு வாத்தியார் அடிலெய்டுக்கு மாற்றலாகிப் போய் அவர் இடத்துக்கு ஆறு ஆண்டுகளாக ஒருவரும் வராததால், கணக்கும் இவர் தலையில் விழுந்திருந்தது. கல் விழுந்ததில் அவருக்குப் பெரிய வியப்பு ஒன்றும் இல்லை. தான் பேசுவதெல்லாம் எங்கேதான் போகிறது என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்ததற்கு விடை கிடைத்தது என்று மட்டும் தோன்றியதாகப் பின்னால் சொன்னார்.

சில வாரங்களில் அவருக்குக் கற்களைத் தரம் பிரிக்கத் தெரிந்துவிட்டது. உட்காருங்க, திரும்புங்க, புத்தகத்தை எடுங்க என்பவையெல்லாம் ஒரே அளவான சாம்பல் ஜல்லி. பெயர் சொல்லிக் கூப்பிட்டவை கூர்முனையோடு விழுந்தன. பருவக்காற்றைப் பற்றி இருபது நிமிடம் விளக்கியது தட்டையான பலகைக் கற்களாக அடுக்கடுக்காக விழுந்தது. "நல்லாச் செஞ்சிருக்கே" என்று யாரிடமாவது சொல்லி அந்தப் பிள்ளை நம்பாவிட்டால், அது வெள்ளைக் கல்லாக விழுந்தது. வெள்ளைக் கற்கள்தான் அவரை அதிகம் சோர வைத்தன.

எட்டு சி பிள்ளைகள் பொல்லாதவர்கள் அல்ல. தனித்தனியாகக் கடைத்தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள், பை தூக்கி வருவார்கள். ஒன்றாக அந்தத் தகர வகுப்பறைக்குள் நுழைந்தால்தான் ஒருவருக்கும் பென்சில் இருக்காது, எல்லோருக்கும் கழிப்பறை வரும், ஜன்னலோரம் இருப்பவனுக்குக் குளிரும், நடுவில் இருப்பவளுக்குப் புழுங்கும். கல் விழுவது தெரிந்த பிறகு அவர்களும் இரண்டு நாள் அதைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "மிஸ் ஜல்லியடிக்கிறாங்கடா" என்று சிரித்துவிட்டு, மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் தலைவி டானி வெண்ட் என்கிற பதின்மூன்று வயதுப் பெண். வான்கோழி மாதிரி சத்தம் எழுப்புவாள். அசல் வான்கோழியே திரும்பிப் பார்க்கும். பாடம் எந்த இடத்தில் கொஞ்சம் பிடிபட ஆரம்பிக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் எழுப்புவாள். வகுப்பு கலைந்துவிடும். மறுபடி அதைக் கூட்டிச் சேர்க்கக் கால் மணி நேரம் ஆகும். கால் மணி நேரத்துக்கு ஒரு வாளி.

தலைமையாசிரியர் பிராட்லி நூனன் நல்ல மனிதர். திட்டங்களில் நம்பிக்கை உள்ளவர். முதலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தன. ஒரே வாரத்தில் சிவப்பு அட்டைகளைச் சேர்த்து வைப்பதில் போட்டி வந்தது. பிறகு நல்ல நடத்தைக்குப் புள்ளி, இருபது புள்ளிக்குச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு ஐஸ் காபி என்று வைத்தார். எப்போதும் ஒழுங்காக இருந்தவர்களுக்குப் புள்ளி கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. அரை மணி நேரம் ரகளை செய்துவிட்டு ஐந்து நிமிடம் கையைக் கட்டி உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது. டானி அந்தப் பருவத்தில் பதினொரு ஐஸ் காபி குடித்தாள். இடம் மாற்றி உட்கார வைத்தார்கள். தூரத்திலிருந்து பேச வேண்டியிருந்ததால் சத்தம் கூடியது. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். பாதிப் பேர் எடுக்கவில்லை, மீதிப் பேர், "எங்க பேச்சையும்தான் கேக்க மாட்டேங்குது மிஸ், நீங்களே பார்த்துக்குங்க" என்றார்கள். கடைசியில் அடிலெய்டிலிருந்து ஒரு நிபுணர் வந்து வகுப்பில் நாற்பது நிமிடம் நின்று, பிள்ளைகளோடு உறவை வளர்க்க வேண்டும் என்று பேசினார். அவர் பேசியதும் விழுந்தது. ஆனால் நுரைக்கல், எடையே இல்லை. அஸ்ஸுண்டா அதைத் தனியாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குதிகால் தேய்க்க வைத்துக்கொண்டார். நூனன் ஒவ்வொரு திட்டம் தோற்றபோதும் க்வெண்டாவின் தோளில் தட்டி, "கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்து பாருங்க, க்வெண்டா" என்றார்.

ஊர் இதை அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. நகரமன்றத்துப் பொறியாளர் ஒரு சாக்கு ஜல்லியை எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, முதல் தரம் என்று சான்று கொடுத்தார். ஜூன் முடிவதற்குள் படகுத்துறைக்குப் போகும் நடைபாதை முழுவதும் அதைப் போட்டுக் கெட்டித்தார்கள். ஈயம் உருக்கும் ஆலையில் வேலை முடிந்து போகிறவர்கள் இப்போதும் அதன்மேல்தான் நடக்கிறார்கள். சிலர் தங்கள் வீட்டுத் தரையையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் இரண்டு திருமணங்கள் முறிந்தன. இரண்டிலும் சமையலறையில் சாப்பாட்டு மேசையை நகர்த்திப் பெருக்கிய பிறகுதான். ஆங்கிலிக்கன் தேவாலயத்துப் பாதிரியார் மட்டும் தன் பிரசங்க மேடைக்குக் கீழே கனமான கம்பளம் ஒன்றை வாங்கி விரித்துவிட்டார்.

மூன்றாம் பருவத்தில் நிலைமை மோசமானது. ஒரு நாளைக்குப் பதினோரு வாளி விழுந்தது. கட்டைக்கால்களின் மேல் நின்ற அந்தத் தகர வகுப்பறை பலகைப் பக்கம் சாயத் தொடங்கிற்று. பேனாக்கள் மேசையிலிருந்து உருண்டு க்வெண்டாவின் காலடிக்கு வந்தன. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, முழங்கால் வீங்கியது. வீட்டுக்குப் போனால் காரிலிருந்து இறங்க மனமில்லாமல் அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். விடுப்பு கேட்டபோது நூனன், மாற்று ஆசிரியர்கள் பட்டியலில் இருந்த மூவரும் எட்டு சி என்று கேட்டவுடன் தொலைபேசியை வைத்துவிட்டதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் இருபத்தொன்று, புதன்கிழமை, ஐந்தாம் பாடவேளை. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் கணக்கு. இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்க வேண்டும் என்று அவர் நான்காவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், கல் விழுந்துகொண்டிருந்தது. ஆறேழு பிள்ளைகள் அமைதியாக எழுதிக்கொண்டிருந்த அபூர்வமான நேரம். டானி வான்கோழிச் சத்தம் எழுப்பினாள். அதைத் தொடர்ந்து ஏதோ கத்தினாள். வகுப்பு கொல்லென்று சிரித்துக் கலைந்தது. க்வெண்டா பேனாவை வைத்தார். கத்தவில்லை. சாதாரணக் குரலில், ஏறக்குறைய களைப்போடு சொன்னார்: "உங்க அக்காவுக்கும் நான்தான் பாடம் எடுத்தேன், டானி. அவ இப்ப எங்க போய் நிக்கிறாளோ, அங்கதான் நீயும் போய் நிப்பே."

கல் விழவில்லை. அந்த ஆண்டில் முதல் முறையாக அந்த அறையில் ஒரு முழு வாக்கியம், ஒரு சொல்கூடச் சிந்தாமல், இருபத்தாறு பேர் காதிலும் போய்ச் சேர்ந்தது. டானியின் அக்கா கிர்ரா, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில் லாரிக்காரர்களுக்குப் பொரித்த உருளைக்கிழங்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தாய் குவீன்ஸ்லாந்துக்குப் போய்த் திரும்பாததால் தங்கையை வளர்ப்பதற்காகத்தான் விட்டாள் என்பதும் தெரியும். க்வெண்டாவுக்கும் தெரியும். டானி பையை எடுக்காமல் எழுந்து வெளியே போனாள். மணி அடிக்கும்வரை மற்றவர்கள் முதுகை நிமிர்த்தி, கையை மேசைமேல் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கமாகப் போன நூனன் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

டானி மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு க்வெண்டா அவர்கள் வீட்டுக்குப் போனார். கொசுவலைக் கதவுக்குப் பின்னால் கிர்ரா வேலைச் சீருடையோடு வந்து நின்றாள்.

"வாங்க மிஸ். நான் எங்க நிக்கிறேன்னு பார்த்துட்டுப் போக வந்தீங்களா? இதோ, இங்கதான் நிக்கிறேன்."

க்வெண்டா மன்னிப்புக் கேட்டார். அன்றைக்குத் தொண்டை சரியில்லை, முழங்கால் வலி, இருபத்தாறு பேரை ஒருத்தியாகச் சமாளிக்க வேண்டியிருக்கிறது, டானி எத்தனை மாதமாகப் பாடுபடுத்துகிறாள் என்பதும் தெரிய வேண்டும் என்றெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் கால்மிதியின்மேல் ஜல்லி விழுந்தது. கிர்ரா பொறுமையாக எல்லாம் விழுந்து முடியும்வரை நின்றாள்.

"போறப்ப அள்ளிட்டுப் போயிடுங்க மிஸ். எங்க வீட்டுல வாளி ஒண்ணுதான் இருக்கு."

அவர் மறுநாளும் போனார். ஐந்து நாள் போனார். ஒவ்வொரு நாளும் காரணங்கள் கொஞ்சம் குறைந்தன, கல்லும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இவ்வளவு தூரம் இறங்கி வந்தும் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்களே என்று அவருக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது. ஆறாம் நாள் கதவுக்குப் பின்னால் டானியே வந்து நின்றாள். க்வெண்டா ஆரம்பித்தார். பாதியில் டானியும் ஏதோ சொன்னாள், க்வெண்டா நிறுத்தவில்லை. அப்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கல் கதவுக்கு உள்பக்கம், டானியின் காலடியில் விழுந்திருந்தது. சிவப்புக் கல்.

"இப்ப என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"கல்லு விழுந்துச்சே."

"எனக்கு எப்பவும்தான் விழும்," என்றாள் டானி. குளிர்காலத்தில் தனக்கு மூக்கு ஒழுகும் என்பதைப் போலச் சொன்னாள்.

க்வெண்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். திரும்பச் சொல் என்றார். எதற்கு என்று டானி கேட்டாள். நீ சொன்னதை நான் காதில் வாங்கவில்லை, அதனால்தான் என்றார். உள்ளிருந்து கிர்ராவின் குரல் வந்தது: "சொல்லித் தொலைடீ. நான் வேலைக்குப் போகணும்."

"அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலன்னேன். ஏன் தலைகீழாத் திருப்பணும்னு கேட்டேன். எல்லாத்தையும் விட்டுட்டு அதை மட்டும் ஏன் திருப்பணும்? மார்ச்சுலேர்ந்து கேக்கறேன். முதல்ல கையத் தூக்கித்தான் கேட்டேன்."

க்வெண்டாவுக்கு வான்கோழிச் சத்தம் மட்டும்தான் நினைவிருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதுதான் விதி, சொன்னதைச் செய் என்று வாய்வரைக்கும் வந்தது. அது கல்லாகத்தான் விழும் என்று நாக்கிலேயே தெரிந்தது. மூடிக்கொண்டார். "எனக்கும் தெரியாது," என்றார். "திருப்பச் சொல்லி ஒரு புத்தகத்துல இருந்துச்சு. ஆறு வருஷமாத் திருப்பிட்டிருக்கேன்."

எதுவும் விழவில்லை. கொசுவலைக் கதவு திறந்தது.

மூன்று பேரும் படியில் உட்கார்ந்தார்கள். கிர்ரா வாளியையும் ஒரு காலிப் பெயிண்ட் டின்னையும் எடுத்து வந்தாள். அந்த டின் சரியாக அரை வாளி பிடிக்கும். கால்மிதியிலும் படியோரத்திலும் ஒரு வாரமாகச் சேர்ந்து கிடந்த ஜல்லியை அள்ளி அளந்தார்கள். மூன்று வாளிக்கு ஆறு டின். அது எளிது. முக்கால் வாளிக்கு எத்தனை டின் என்று வந்தபோது டானி ஒன்று என்றாள், மீதியைக் காட்டி அது என்ன கணக்கு என்று க்வெண்டா கேட்டார், அரை டின் என்று டானி முணுமுணுத்தாள், க்வெண்டா தன் நோட்டில் எழுதித் திருப்பிப் பார்த்தார், ஒன்றரை வந்தது. ஏன் வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. சீருடையோடு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த கிர்ராதான் சொன்னாள்.

"ஒரு வாளிக்கு எத்தனை டின்னு புடிக்கும்னு முதல்ல பாருங்களேன். ரெண்டு. அப்ப முக்கா வாளிக்கு அந்த ரெண்டுல முக்காப் பங்கு. டின்னு பெருசா இருந்தா, மூணுல ரெண்டு பங்கு வாளி புடிக்கிற டின்னுன்னு வைங்க, ஒரு வாளிக்கு ஒண்ணரை. ஒண்ணரைன்னா மூணு அரை. மூணுல ரெண்டு, ரெண்டுல மூணு. அதான் உங்க தலைகீழு. திருப்பல மிஸ், ஒரு வாளிக்கு எத்தனைன்னு கேக்கறோம், அவ்ளோதான்."

சமையலறைக்கு எண்ணெய் அளந்து அளந்து அவளுக்கு அது கைவந்திருந்தது. க்வெண்டா நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, "அன்னைக்கு உன்னைப் பத்தி நான் சொன்னது தப்பு, கிர்ரா," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் விழவில்லை.

"சரி," என்றாள் கிர்ரா. "எனக்கு நேரமாச்சு."

திங்கட்கிழமை காலை க்வெண்டா பள்ளிக்குச் சீக்கிரமாக வந்து, மைதானத்துக் கொட்டகைக்குப் பின்னால், நகரமன்ற லாரிக்காகக் குவித்து வைத்திருந்த ஜல்லியைப் போய்ப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு சிவப்பு. சிறியவை, உருண்டையானவை, சில மண்ணாங்கட்டி போலக் கைபட்டால் உதிர்ந்தன. நான்கு மாதமாக எல்லாம் தன்னுடையது என்றே நினைத்திருந்தார். அஸ்ஸுண்டாவிடம் கேட்டதற்கு, "முதல் நாள்லேர்ந்தே அப்படித்தான். சிவப்புதான் கூட்டறதுக்குக் கஷ்டம், பொடியாப் போயிடும். நீங்க கேக்கவே இல்லையே," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். டானி அதே திங்கட்கிழமை திரும்பி வந்தாள். இரண்டாம் பாடவேளையிலேயே வான்கோழிச் சத்தம் எழுப்பினாள். சிவப்புக் கல் விழும் இடமெல்லாம் க்வெண்டா பாடத்தை நிறுத்தி, என்ன சொன்னாய் என்று கேட்கத் தொடங்கினார். கேட்டால் சொன்னார்கள். மீனுக்குத் தாகம் எடுக்குமா என்றான் ஒருவன். பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவரை ஏன் இன்னும் உள்ளே தள்ளவில்லை என்றான் இன்னொருவன். பின்வரிசையில் சட்டைத் தொப்பியைத் தலைமேல் இழுத்துவிட்டு ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே எதுவும் எழுதாமல் இருந்த ஷேலி புரூயெட் என்ற பெண், பலகை தனக்கு வெள்ளையாக மட்டும்தான் தெரிகிறது என்றாள், பிப்ரவரியிலேயே சொன்னாளாம். கண்ணாடி போட்டபிறகும் அவள் அதிகம் எழுதவில்லை, ஆனால் எதை எழுதவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டே இருந்ததில் பாடம் மூன்று வாரம் பின்தங்கியது. நூனன் கூப்பிட்டு, நீங்கள் பாடத்திட்டத்தை முடிக்கவில்லை என்றால் நான் மேலிடத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டார். க்வெண்டா சொன்ன பதில் நூனனின் அறைக் கம்பளத்தில் விழுந்து கிடந்ததை அவர் பார்க்கவில்லை. அது நவம்பர்வரை அங்கேயே கிடந்தது.

ஆண்டு முடிவில் ஒரு நாளைக்குப் பதினோரு வாளி என்பது ஆறு வாளியாகக் குறைந்திருந்தது. சராசரி ஆறுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு நல்ல நாளில் நான்கு வாளி விழும்; மறுநாள் காற்றடித்தால், அல்லது உள்ளூர்க் கால்பந்துக் குழு தோற்றிருந்தால், எட்டு விழும். டானி கணக்கில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு வாங்கினாள். க்வெண்டாவுக்கு அந்த முடிவில் ஆறுதலைவிட எரிச்சல்தான் அதிகம். இவ்வளவு பாடுபட்டது ஐந்து வாளிக்கா என்று ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் காரில் மடித்து வைத்திருந்த ஓய்வு விண்ணப்பத்தில் வண்டிச் சாவியின் துருப் படிந்ததால், வேறு படிவம் கேட்டு வாங்க வேண்டும் என்று தள்ளிப்போட்டு, பிறகு கேட்கவே இல்லை. அதே பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்புக்கும் தானே எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். தகர வகுப்பறைக்கு இரும்புக்கால் போட்டுக் கொடுத்தார்கள். கல்வித் துறையின் தளவாடப் பட்டியலில் எட்டு சி அறைக்கு நேராக மண்வெட்டி இரண்டு, தள்ளுவண்டி ஒன்று என்று சேர்க்கப்பட்டது.

அடுத்த பிப்ரவரியில் எட்டு சி பிரிவுக்கு அடிலெய்டிலிருந்து நேதன் ஓப்ஸ்ட் என்ற இளைஞர் வந்தார். கல்லூரி முடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் கடைசி மணி அடித்த பிறகு, சட்டையெல்லாம் தூசியோடு, கையில் ஜல்லி நிரம்பிய ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே இருந்த ஒன்பது பேரில் யாரும் அது என்ன என்று கேட்கவில்லை. க்வெண்டா விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கி, வாளியில் சிவப்பு எவ்வளவு என்று ஒரு பார்வை பார்த்தார்.

"கொட்டகைக்குப் பின்னாடி, இடப்பக்கம்," என்றார். "தண்ணிக் குழாய மறைக்காமக் கொட்டுங்க."

அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.